நல்ல மன்னரிடம் கேட்ட உரிமை: கே.சி. ரெட்டியும் மைசூர்ப் பொறுப்பாட்சியும்

மைசூர் சமஸ்தானத்தில் மக்களாட்சி கேட்டு நடந்த இயக்கத்தைப் பிற சமஸ்தானங்களின் இயக்கங்களோடு ஒரே வரிசையில் வைத்து எழுதுவது வழக்கம் என்றாலும், அந்த இயக்கத்தின் முன்னிருந்த சிக்கல் தனித்தன்மை வாய்ந்தது. ஐதராபாத்திலும் ராஜபுதனத்தின் பல அரசுகளிலும் ஆட்சியின் குறைகள் ஊரறியக் கிடந்ததால், அங்கே மாற்றம் கேட்டவர்கள் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மைசூரிலோ காந்தியடிகளே ராஜரிஷி என்று போற்றிய நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் இருந்தார்; பல்கலைக்கழகமும் அணைக்கட்டும் இரும்பாலையும் மின்விளக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் பல மாவட்டங்களை முந்திக்கொண்டு அந்த நாட்டுக்கு வந்திருந்தன. நன்றாக ஆளப்படும் குடிகள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்று எதற்காகக் கேட்க வேண்டும் என்ற கேள்வியை அரண்மனையும் மன்னரின் தலைமை அமைச்சர்களான திவான்களும் மட்டுமல்லாமல் படித்த வகுப்பாரில் ஒரு பெரும் பகுதியினரும் கேட்டனர். அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடை சொல்லிக்கொண்டிருந்தவர்களுள் முதன்மையானவர், பின்னாளில் மைசூரின் முதல் முதலமைச்சராகப் பெங்களூரில் பதவியேற்ற கியாசம்பள்ளி செங்கல்ராய ரெட்டி என்னும் கே.சி. ரெட்டி ஆவார்.

பொறுப்பாட்சி என்று தமிழிலும் ஜவாப்தாரி சர்க்கார் என்று கன்னட மேடைகளிலும் வழங்கிய கோரிக்கையின் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. அமைச்சர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருக்க வேண்டும். அவையின் நம்பிக்கையை இழந்தால் விலக வேண்டும். மன்னர் அந்த அமைச்சர்களின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும். மன்னர் பதவியை ஒழிப்பது இதில் அடங்காது. மைசூர்க் காங்கிரஸ் ஏறத்தாழ கடைசி வரை மகாராஜாவின் தலைமையில் பொறுப்பாட்சி என்ற வாசகத்தையே பயன்படுத்தியது என்பதையும், அதன் பகை திவான் மீது இருந்த அளவுக்கு மன்னர் மீது இல்லை என்பதையும் மறந்துவிட்டால் 1947 இன் முடிவுகள் விளங்கா.

இந்தக் கதையின் தொடக்கம் ரெட்டி பிறப்பதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன்னே இருக்கிறது. 1831 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் ஆணையர்களின் நேரடி நிர்வாகத்தில் இருந்த மைசூர், 1881 மார்ச் 25 அன்று உடையார் வமிசத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம் சமஸ்தானத்தில் சுமார் பத்து லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. கருவூலம் கடனில் இருந்தது. பிரிட்டிஷாருக்குச் செலுத்த வேண்டிய கப்பத் தொகையோ ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. இந்த நெருக்கடியில் திவான் பொறுப்பேற்றவர் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த தமிழரான சி. ரங்காச்சார்லு. செலவைக் குறைக்க வேண்டிய அரசு தன் குடிகளின் மனநிலையை அறிந்தே குறைக்க வேண்டும் என்று கருதிய அவர், 1881 அக்டோபரில் மைசூர்ப் பிரதிநிதி சபையைக் கூட்டினார். நிலக்கிழார்களும் வணிகர்களுமாக 144 பேர் கூடிய அந்தச் சபை, இந்தியச் சமஸ்தானங்களில் அவ்வகையில் முதலாவது. இந்திய தேசியக் காங்கிரஸ் பிறப்பதற்கே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

சபை தசராவை ஒட்டி மைசூர் நகரில் ஆண்டுக்கொருமுறை கூடியது. திவான் அரசின் ஆண்டு நிகழ்வுகளையும் வரவு செலவையும் வாசிப்பார், உறுப்பினர்கள் தத்தம் தாலுகாவின் குறைகளை, ஏரி உடைப்பு, சாலைப் பழுது, வனக்காவலரின் கெடுபிடி, கிணற்றுக்கு வரி என்று ஒவ்வொன்றாக மனுவாக வைப்பார்கள், திவான் பதிலளிப்பார். அவ்வளவுதான். தீர்மானத்தால் அரசைக் கட்டுப்படுத்தவோ வரவு செலவை மறுக்கவோ சபைக்கு உரிமை இல்லை. 1891 இல் தேர்தல் முறை புகுத்தப்பட்டபோதும் வாக்குரிமை நிலவரி கட்டுவோருக்கும் பட்டதாரிகளுக்குமே கிடைத்தது. 1907 இல் சட்ட மேலவை ஒன்று சேர்க்கப்பட்டது. 1923 இல், பிரஜேந்திரநாத் சீல் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, பிரதிநிதி சபைக்குச் சட்டபூர்வமான நிலையும் புதிய வரிகள் குறித்துக் கலந்தாலோசிக்கப்படும் உரிமையும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு படியும் அரசு தானே முன்வந்து கொடுத்தது என்பதால், அடுத்த படியும் அரசு மனம் வைக்கும்போதுதான் வரும் என்ற எண்ணம் மைசூர்ப் பொதுவாழ்வில் ஊறிப்போயிற்று. சுமார் அரை நூற்றாண்டு மனு கொடுத்துப் பழகிய ஒரு சபை, அந்தப் பழக்கத்தாலேயே உரிமை கேட்கும் குரலை வளர்த்துக்கொள்ளத் தவறியது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் நடவடிக்கைகளின் போக்கு அப்படித்தான் இருந்தது.

ரெட்டி 1902 மே 4 அன்று கோலார் மாவட்டத்தின் பங்காருப்பேட்டை வட்டத்தில் உள்ள கியாசம்பள்ளியில் பிறந்தார். அதே ஆண்டு ஜூன் இறுதியில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுக்கப்பட்ட மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழிப் பயணம் செய்து கோலார் தங்கவயலை வந்தடைந்தது. ஆகஸ்டில் கிருஷ்ணராஜ உடையார் முழு ஆட்சியதிகாரத்தை ஏற்றார். பெங்களூர்த் தெருக்களுக்கு அந்த மின்விளக்கு 1905 இல்தான் வந்தது. ஆங்கிலேய நிறுவனமான ஜான் டெய்லர் அன் சன்ஸ் நடத்திய சுரங்கங்கள் முதலிலும் சமஸ்தானத்தின் மிகப் பெரிய நகரம் பிறகும் ஒளி பெற்ற இந்த வரிசை, முன்னேற்றம் என்பது யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்பதைக் காட்டுகிறது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் அந்த வறண்ட மாவட்டத்தில், தங்கவயலின் ஆழத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் சென்ற தமிழ் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1930 இல் அவர்களுடைய கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது, குற்றவாளிகளைப் போல் தங்களை நடத்துவதாகக் கூறி ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து அதைக் கைவிடச் செய்தனர். சட்டம் படித்துப் பொதுவாழ்வுக்கு வந்த ரெட்டி, நண்பர்களோடு சேர்ந்து பிரஜா பட்சம் என்னும் கட்சியைத் தொடங்கியதும் அதே 1930 இல்தான்.

அந்தக் கட்சியின் தேவையை உணர மைசூரின் சாதி அரசியலைச் சிறிது பார்க்க வேண்டும். அரசுப் பணிகளில் பிராமணர்களின், அதிலும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களின், செல்வாக்கை எதிர்த்து எழுந்த குரல் இரண்டாகப் பிரிந்தது. மைசூர் மைசூரியருக்கே என்றது உள்ளூர்ப் பிராமணர் தரப்பு. ஒக்கலிகர், லிங்காயத்தர், முஸ்லிம் தலைவர்கள் சென்னையின் நீதிக்கட்சியைப் பார்த்து 1917 இல் பிரஜா மித்ர மண்டலியை அமைத்தனர். அடுத்த ஆண்டே அரசு லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்து, பிற்படுத்தப்பட்ட வகுப்பாருக்குப் பணிகளில் இடஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. கேட்டது இவ்வளவு விரைவில் கிடைத்துவிட்டதால், மண்டலியினருக்கு மன்னராட்சியோடு பிணங்கக் காரணமே இல்லாமற்போயிற்று. பொறுப்பாட்சி கேட்ட காங்கிரஸ்காரர்களோ பெரும்பாலும் பெங்களூர், மைசூர் நகரங்களின் பிராமண வழக்கறிஞர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் இருந்தனர். கிராமத்து நிலக்கிழார்களுக்கு அவர்களிடம் நம்பிக்கை பிறக்கவில்லை. ஊருக்குள் நிலக்கிழாரின் அதிகாரத்தில் அரசு கைவைக்காத வரை, நகரத்தில் யார் ஆள்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை.

இந்தச் சுவரைத் தகர்த்ததே ரெட்டியின் வாழ்வில் மிகப் பெரிய பணி என்று கொள்ளலாம்; சிறைவாசமும் பதவியும் அதற்கு அடுத்தவை. அதற்குக் காலமும் உதவியது. 1928 இல் பெங்களூர் சுல்தான்பேட்டை அரசுப் பள்ளியில் பிள்ளையார் சிலை ஒன்றைப் பற்றி எழுந்த தகராறு கலவரமாகிப் பத்திரிகைகள் ஒடுக்கப்பட்டபோது, அதை ஆராய அமைத்த குழுவின் தலைவரும் முன்னாள் திவானுமான விசுவேசுவரய்யா, கலவரக் காரணங்களோடு நில்லாமல் பொறுப்பாட்சியின் தேவையையும் எழுதிவைத்தார். அரசின் சொந்த மனிதரே அப்படிச் சொன்னது நகரத்தாரைத் தட்டியெழுப்பியது. 1930 களின் விலைவீழ்ச்சி கிராமத்தாரைத் தட்டியெழுப்பியது: நெல்லும் கேழ்வரகும் விலை இழந்தபோது நிலவரி இறங்கவில்லை, மண்டியாவில் இர்வின் கால்வாய்ப் பாசனத்துக்காகக் கேட்கப்பட்ட தொகைகளை எதிர்த்து விவசாயிகள் திரண்டனர். வரியைக் குறைக்கக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருப்பதைவிட வரி விதிப்பவரை மாற்றும் உரிமையைக் கேட்பதே வழி என்ற வாதம், நகரத்து மேடையில் நூல்வாதமாக இருந்தது, இப்போது சந்தைக்கடையில் புரிந்தது.

1934 இல் பிரஜா பட்சமும் பிரஜா மித்ர மண்டலியும் இணைந்து பிரஜா சம்யுக்த பட்சம் ஆயின; ரெட்டி அதன் தலைவராக இருந்தார். 1937 இல் அந்தக் கட்சி முழுவதும் காங்கிரசில் கலந்தது. நீதிக்கட்சியின் வழியில் தொடங்கிய ஓர் அமைப்பின் வாரிசுகள் காங்கிரசுக்குள் நுழைந்து அதன் தலைமையையே கைக்கொண்ட இந்த நிகழ்ச்சிக்குச் சென்னை மாகாணத்தில் இணை இல்லை. அங்கே நீதிக்கட்சி அதே ஆண்டு தேர்தலில் காங்கிரசிடம் தோற்றுச் சிதறியது. மைசூர்க் காங்கிரசின் தலைவராக 1937-38 இல் ரெட்டி அமர்ந்தபோது, அந்த இயக்கத்துக்கு முதன்முறையாக நாட்டுப்புறம் வாய்த்தது.

எதிர்த்தரப்பில் இருந்தவர் 1926 முதல் திவானாக விளங்கிய சர் மிர்சா இஸ்மாயில். பூங்காக்களும் அகன்ற சாலைகளும் ஆலைகளுமாகப் பெங்களூரை அழகுபடுத்திய அவரை எளிதில் கொடுங்கோலர் என்று தள்ளிவிட முடியாது. கட்சிகளுக்கு அப்பாற்பட்ட திறமையான நிர்வாகமே மக்களுக்கு நன்மை செய்யும், கட்சி ஆட்சி சமூகப் பிளவுகளை ஆட்சிமன்றத்துக்குள் கொண்டுவரும் என்பது அவருடைய நிலை. அந்த வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் திறமையான நிர்வாகி தவறும்போது அவரைத் தட்டிக்கேட்கும் வழி எது என்பதற்கு அதில் விடை இல்லை. மன்னரின் நல்லெண்ணம் ஒன்றே அந்த வழி என்றால், அடுத்த மன்னர் எப்படியிருப்பார் என்பதற்கும் விடை இல்லை. ரெட்டியின் தரப்பு நின்றது இந்த இடத்தில்தான்.

காங்கிரசின் அகில இந்தியத் தலைமையே இவர்களுக்கு முழுத் துணையாக இல்லை. சமஸ்தானங்களின் உள்விவகாரங்களில் தலையிடுவதில்லை என்பது அதன் நெடுநாள் கொள்கை. 1937 அக்டோபரில் பம்பாய்த் தலைவர் கே.எஃப். நாரிமன் பெங்களூரில் கைது செய்யப்பட்டு நகரில் கொந்தளிப்பு எழுந்தபோது, கல்கத்தாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு மைசூர் அரசின் அடக்குமுறையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது; அது வரம்பு மீறிய தீர்மானம் என்று காந்தியடிகள் எழுதினார். 1938 பிப்ரவரியில் அரிபுரா மாநாடு, சமஸ்தான மக்கள் தங்கள் போராட்டத்தைத் தங்கள் சொந்தப் பலத்திலேயே நடத்த வேண்டும் என்று வழிகாட்டியது.

சொந்தப் பலம் எவ்வளவு என்பது இரண்டே மாதத்தில் தெரிந்தது. 1938 ஏப்ரலில் பெங்களூர் மைசூர்ச் சாலையில் மத்தூரை அடுத்த சிவபுரத்தில், டி. சித்தலிங்கையா தலைமையில், தடையை மீறித் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் விவசாயிகள் வந்து கூடினர். ஏப்ரல் 25 அன்று கௌரிபிதனூருக்கு அருகிலுள்ள விதுராசுவத்தத்தில், அரசமரத்தடிக் கோயிலின் திருவிழாக் கூட்டத்திடையே நடந்த காங்கிரஸ் கூட்டத்தின்மீது போலீசார் சுட்டதில் பலர் இறந்தனர். மாண்டவர் எண்ணிக்கையை அரசு ஒரு விதமாகவும் காங்கிரஸ் அதனினும் மும்மடங்காகவும் சொல்லின. மாதிரி அரசு என்று பெயரெடுத்த மைசூரின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது. வல்லபாய் படேலும் ஆச்சாரிய கிருபளானியும் பெங்களூருக்கு வந்து மிர்சாவோடு பேசினர். தேசியக் கொடியை மைசூர்க் கொடியோடு சேர்த்து ஏற்றலாம், அரசியல் கைதிகள் விடுவிக்கப்படுவர், சீர்திருத்தக் குழு பொறுப்பாட்சியையும் ஆராயலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. குழு ஆராய்ந்தது, 1940 இன் சட்டம் அவைகளைப் பெரிதாக்கியது, அமைச்சர்கள் அவைக்குப் பொறுப்பாகும் ஏற்பாடு மட்டும் வரவில்லை.

போர்க்கால ஆண்டுகளை விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை. 1942 இல் பெங்களூர்ப் பேட்டையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிமோகா மாவட்டத்தின் ஈசூர் கிராமம் தன்னைச் சுதந்திர ஊராக அறிவித்துக்கொண்டு, வட்ட அதிகாரியான அமல்தாரும் போலீஸ் அதிகாரியும் கொல்லப்பட்டதற்காக ஐவரைத் தூக்குமேடைக்குக் கொடுத்தது. 1940 இல் கிருஷ்ணராஜ உடையார் மறைந்து, அவருடைய தம்பி மகன் ஜெயசாமராஜ உடையார் இருபத்தோரு வயதில் மன்னரானார்.

1946 இல் ரெட்டி மீண்டும் மைசூர்க் காங்கிரசின் தலைவரானபோது, திவானாக வந்திருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் அறிவாளிகளுள் ஒருவரும் அக்கட்சியின் ஆங்கில நாளேட்டின் ஆசிரியராக இருந்தவரும் ஐக்கிய நாடுகள் பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவருமான முதலியார், சொல்லாற்றலில் ரெட்டியைவிடப் பலமடங்கு உயர்ந்தவர். ரங்காச்சார்லு என்ற தமிழர் திறந்துவைத்த கதவை இன்னொரு தமிழர் காவல்காக்க நேர்ந்தது. பிரிட்டிஷார் வெளியேறுவதோடு மன்னர் மீதான மேலாதிக்கம் மறையும், அப்போது இறையாண்மை மன்னரிடமே திரும்பும் என்பது சமஸ்தானங்களின் சட்ட வாதமாக இருந்தது. மைசூர் அந்த வாதத்தைத் திருவிதாங்கூரைப் போல நீட்டிக்கொண்டு போகாமல் 1947 ஆகஸ்டு 9 அன்றே இந்திய ஒன்றியத்தில் இணையக் கையெழுத்திட்டது. ஆனால் பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றை மட்டுமே இணைப்பு ஒப்பந்தம் ஒப்படைத்தது. உள்நாட்டு ஆட்சி முழுவதும் திவானின் கையிலேயே இருந்தது. ஆகஸ்டு 15 அன்று சென்னை மாகாணத்தில் சுதந்திரம் வந்தபோது, ஓசூரைத் தாண்டினால் பழைய ஆட்சியே நடந்துகொண்டிருந்தது.

பெங்களூரின் நிலை அதனினும் விசித்திரமானது. அந்த நகரம் நெடுங்காலம் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது. மேற்கே பேட்டை மகாராஜாவுடையது. கிழக்கே அல்சூரும் சிவாஜிநகரும் பிரேசர் டவுனும் அடங்கிய தண்டுப் பகுதி, பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நிர்வாகத்தில் இருந்த ராணுவக் குடியிருப்பு. தண்டுப் பகுதியில் தமிழர்களே மிகுதி. அவர்கள் மகாராஜாவின் குடிகள் அல்லர் என்பதால் பிரதிநிதி சபையிலோ பொறுப்பாட்சிப் போரிலோ அவர்களுக்குச் சட்டப்படி இடமில்லை. 1947 ஜூலை 26 அன்று அப்பகுதி மைசூரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் மூன்று மாதங்களே அவர்கள் திவானாட்சியின் குடிகளாக இருந்தனர் என்பது வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை. ஆனால் பின்னி ஆலையிலும் மினர்வா, மகாராஜா ஆலைகளிலும் வேலைபார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் வழியாக அவர்களுக்கும் இயக்கத்துக்கும் தொடர்பு முன்பே ஏற்பட்டிருந்தது. அந்தத் தொடர்பைக் கட்டியவர் ரெட்டியின் தோழரும் தொழிற்சங்கத் தலைவரும் வழக்கறிஞருமான கே.டி. பாஷ்யம், பாஷ்யம் சதுக்கம் என்று அவர் பெயரைப் பெங்களூர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1947 செப்டம்பர் 1 அன்று ரெட்டியின் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மைசூர் சலோ, அதாவது மைசூருக்குப் புறப்படுங்கள் என்பது அதன் முழக்கம். அரண்மனை சத்தியாக்கிரகம் என்றும் அதைச் சொல்வதுண்டு. தலைமைச் செயலகம் பெங்களூரின் அட்டாரக் கச்சேரியில் இருந்தாலும் அரண்மனை மைசூரில் இருந்தது. திவானின் தலைக்கு மேலாகச் சென்று மன்னரிடமே நேரில் கேட்பது என்ற உத்தி அந்த ஊர்ப் பெயரிலேயே அடங்கியிருந்தது. ரெட்டியும் முன்னணித் தலைவர்களும் உடனே கைது செய்யப்பட்டனர். மாணவர்கள் வகுப்புகளை விட்டனர். பெங்களூரில் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். தொண்டர்கள் ஜாதா ஜாதாவாக, அதாவது அணி அணியாக, மைசூரை நோக்கி நடந்தனர். செய்திகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, எச்.எஸ். தொரேசாமி தாம் நடத்திவந்த பௌரவாணி இதழை எல்லைக்கு அப்பால், சென்னை மாகாணத்திலிருந்த இந்துப்பூருக்கு எடுத்துச் சென்று அங்கிருந்து அச்சிட்டு அனுப்பினார். சுதந்திர இந்தியாவின் மண்ணில் அச்சான பத்திரிகை, அதே இந்தியாவில் இணைந்துவிட்ட மைசூருக்குள் கள்ளத்தனமாக நுழைய வேண்டியிருந்தது. செப்டம்பர் 13 அன்று மைசூர் நகரில் ராமசாமி என்னும் மாணவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அவர் விழுந்த நாற்சந்தி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசு நெடுநாள் தாங்கவில்லை. செப்டம்பர் இறுதியில் பொறுப்பாட்சிக்கு மகாராஜா இசைந்தார். அக்டோபரில் திவானுக்கும் காங்கிரசுக்கும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அக்டோபர் 25 அன்று கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். பாஷ்யமும் எச்.சி. தாசப்பாவும் அமைச்சரவையில் இருந்தனர். காங்கிரசைச் சேராதவர்களுக்கும் இடம் தரப்பட்டது. திவான் பதவி உடனே ஒழியவில்லை. மன்னருக்கும் அமைச்சரவைக்கும் இடையே முதலியார் 1949 வரை நீடித்தார். எட்டு வாரங்கள் முன்பு ரெட்டியைச் சிறையில் அடைத்த அரசின் திவானோடு ரெட்டி ஒரே மேசையில் அமர்ந்து ஆட்சி நடத்தினார். இந்த இணக்கத்தை அக்காலத் தீவிரவாதிகள் சமரசம் என்று பழித்தனர். மன்னர் தம் பீடத்தில் இருக்க அதிகாரம் மட்டும் அவைக்கு மாற வேண்டும் என்றே தொடக்கம் முதல் கேட்டவர், அது கிடைத்தபின் அமைதியாக அமர்ந்ததைச் சமரசம் என்பது பொருந்தாது. அவர் கேட்டதே அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கிராமத்து நிலவுடைமையின் அடித்தளத்தில் எழுந்த கட்சி, நிலமற்றோரின் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது என்ற குறை ரெட்டியின் அமைச்சரவையைச் சாரும்.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் மைசூரின் பிரதிநிதிகளுள் ஒருவராகவும் ரெட்டி இருந்தார். சமஸ்தானங்கள் தத்தமக்குத் தனி அரசியலமைப்பு எழுதிக்கொள்வது என்ற முதல் ஏற்பாட்டின்படி மைசூரும் ஓர் அரசியல் நிர்ணய சபையை அமைத்தது. ஆனால் 1949 இல் எல்லாவற்றுக்கும் ஒரே அரசியலமைப்பு போதும் என்று முடிவாகி, நவம்பர் 25 அன்று மகாராஜா இந்திய அரசியலமைப்பை ஏற்கும் பிரகடனத்தை வெளியிட்டார். அந்த அரசியலமைப்பை வரைந்த குழுவில், முதலியாருக்கு முன் மைசூர்த் திவானாக இருந்த என். மாதவ ராவும் ஓர் உறுப்பினர். ரங்காச்சார்லுவின் பிரதிநிதி சபை அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த டிசம்பரில் கலைக்கப்பட்டது.

சட்டமன்றத்துக்குத் தனிக் கட்டடம் வேண்டும் என்று பெங்களூரில் அட்டாரக் கச்சேரியின் எதிரே ரெட்டியின் அரசு திட்டமிட்டு, 1951 ஜூலை 13 அன்று நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டியது. எளிய அலுவலகக் கட்டடமாக இருந்த அந்தத் திட்டத்தைப் பின்வந்த கெங்கல் அனுமந்தையா அடியோடு மாற்றி, திராவிடக் கோயில் பாணியில் இன்றைய விதான சௌதாவாக 1956 இல் எழுப்பினார். கட்சிக்குள் அனுமந்தையா தரப்பின் கை ஓங்கியதால் 1952 மார்ச்சில் ரெட்டி விலக நேர்ந்ததும் இதே ஆண்டுகளின் கதை. முழு வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலின் பயனை, அந்த வாக்குரிமைக்காக வாதாடியவர் அனுபவிக்கவில்லை. தில்லிக்குச் சென்ற அவர், நேருவின் அமைச்சரவையில் உற்பத்தித் துறை உள்ளிட்ட பொறுப்புகளை வகித்தார்; பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை உருவான காலம் அது.

1964 மே மாதத்தில் ஜெயசாமராஜ உடையார் சென்னை மாநிலத்தின் ஆளுநரானார். 1965 பிப்ரவரியில் ரெட்டி மத்தியப் பிரதேசத்தின் ஆளுநரானார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற மன்னரும் கிளர்ச்சித் தலைவரும், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டு, அமைச்சர்களின் அறிவுரைப்படி கையெழுத்திடும் ஒரே வகைப் பதவியில் சில காலம் அமர்ந்திருந்தனர். ரெட்டிக்கு அந்தப் பதவியில் வந்த சோதனை, அவர் இளமையில் பேசிய கொள்கையையே உரைகல்லில் வைத்தது. 1967 ஜூலையில் போபாலில், முதலமைச்சர் துவாரகா பிரசாத் மிஸ்ராவின் கட்சியிலிருந்து 36 உறுப்பினர்கள் பிரிந்து எதிர்வரிசையில் சேர்ந்தனர். அவர்களைத் திரட்டி நின்றவர் குவாலியரின் முன்னாள் அரசியான விஜயராஜே சிந்தியா. பெரும்பான்மையை இழந்துகொண்டிருந்த முதலமைச்சர், அவையின் கூட்டத்தொடரையே முடித்துவைக்குமாறு அறிவுரை கூறினார். ஆளுநர் ரெட்டி அவ்வாறே செய்தார்.

அந்தச் செயலுக்காக அன்றும் பின்னும் அவர் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அமைச்சர்கள் அவையின் நம்பிக்கையில் நிற்க வேண்டும், தலைமைப் பதவியில் இருப்பவர் அமைச்சர்களின் சொற்படி நடக்க வேண்டும் என்ற இரண்டும் பொறுப்பாட்சியின் இரு பாதிகள். மைசூரில் அவை ஒன்றோடொன்று மோதும் என்று எவரும் நினைக்கவில்லை. போபாலில் மோதியபோது ரெட்டி இரண்டாவதைத் தேர்ந்தார். 1947 இல் ஜெயசாமராஜ உடையாரிடம் அவர் கேட்டது எதுவோ அதையே தாம் செய்ததாக அவருக்காக வாதாடலாம். ஆனால் அவையைக் கூடவிடாமல் செய்யும் அறிவுரைக்கும் அந்த விதி பொருந்துமா என்பதில் அரசியலமைப்பு அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. முடித்துவைப்பு மிஸ்ராவைக் காப்பாற்றவில்லை. சில நாள்களில் அவர் பதவி விலக, கட்சி மாறி வந்த கோவிந்த் நாராயண் சிங்குக்கு ரெட்டியே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். 1971 வரை ஆளுநராக இருந்த அவர் 1976 பிப்ரவரி 27 அன்று, நெருக்கடி நிலை நாட்டில் நடப்பில் இருந்தபோது, காலமானார்.